தூங்குற பிள்ளைக்குச் சொன்ன புத்தி

தூங்கு தாயி, தூங்கு. எந்திரிக்காத. புத்தி சொல்றதுன்னா தூங்குற பிள்ளைக்குத்தான் சொல்லணும். முழிச்சிருக்கிற பிள்ளை எதுத்துப் பேசும். அதுலயும் டாக்டருக்குப் படிச்ச பிள்ளை, ‘எவிடென்ஸ் இருக்கா தாத்தா’ன்னு கேக்கும். எவிடென்ஸுக்கு நான் எங்க போக? எங்கிட்ட இருக்கிறது எழுபத்தெட்டு வயசும், நாலு சோடி மாடு வளத்த கணக்கும்தான்.

வெள்ளிக்கிழமை காலைல எட்டு மணிக்கு வார்டுக்குள்ள போனவ, சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வெளிய வந்திருக்க. 36 மணி நேரம். அங்கிருந்து பஸ் ஏறி விடியக்காலைல வந்து எறங்கி, உங்க அப்பத்தா போட்ட கருவாட்டுக் கொழம்புச் சோத்துல கைய வச்ச. அப்படியே சாஞ்சிட்ட. கைய நான்தான் கழுவி விட்டேன். நாலு வயசுல கழுவி விட்ட கை; இப்ப ஊசி போடுற கை. அம்புட்டுத்தான் வித்தியாசம்.

கட்டில்ல படுக்கவச்சப்ப உன் பையில இருந்து ஒரு காகிதம் விழுந்துச்சு. இங்கிலீசு. எட்டாப்போட நின்னவன் நான். எதுத்த வீட்டு வாத்தியாரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். பயிற்சி டாக்டர்மாருக்கு மனசையும் உடம்பையும் பேணுறதுக்கு வகுப்பாம். நல்ல சேதி. வாராவாரம் புதன்கிழமை, ட்யூட்டி முடிஞ்ச பெறகு, சாயங்காலம் ரெண்டு மணி நேரமாம். சரி, தூங்குற நேரத்துல கொஞ்சம் கிள்ளி எடுத்துக்கிட்டாக. வராத ஆளு எழுத்துமூலமா விளக்கம் குடுக்கணுமாம். இந்த எடத்துல வாத்தியார் கண்ணாடியக் கழட்டித் தொடைச்சிக்கிட்டாரு.

நிம்மதியா இருக்கியா இல்லையான்னு அதட்டிக் கேக்குற ஊரை இப்பத்தான் தாயி பாக்குறேன். ‘ஐயா, நேத்து வேலை மிகுதியால் நிம்மதியாக இருக்க இயலவில்லை, மன்னிக்கவும்’னு எழுதிக் குடுப்பியா? அது எந்த ஆசுபத்திரின்னு நான் வாயத் தொறக்க மாட்டேன். உனக்கு இன்னும் லாக் புக்குல கையெழுத்து வாங்க வேண்டியிருக்கு.

வகுப்புல சொல்லித் தர்ற சங்கதிய நான் பழிக்க மாட்டேன். நீ ஞாயித்துக்கிழமை தோறும் போன்ல கதை கதையாச் சொன்னதை எல்லாம், யாருக்கும் தெரியாம நானும் செஞ்சு பாத்தவன்.

மொதல்ல அந்தத் திராட்சை. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில ஜான் கபாட்-சின்னு ஒருத்தரு 1979ல பாடம் ஒண்ணு ஆரம்பிச்சாராம். அதுல ஒரே ஒரு ஒலந்த திராட்சையக் கையில குடுப்பாகளாம். உருட்டிப் பாரு, மோந்து பாரு, காதுகிட்டக் கொண்டுபோயி நசுக்கிப் பாரு, நாக்குல வச்சுப் பாரு, கடைசியா மெள்ளக் கடி. நம்ம வீட்டுல திராட்சைக்கு எங்க போக? ஒரு நெலக்கடலைய வச்சுச் செஞ்சேன். அஞ்சு நிமிசம் ஆச்சு. உங்க அப்பத்தா வந்து, ‘என்ன, இருந்த பல்லும் போச்சா’ன்னு கேட்டா. ஆனா ஒண்ணு, கடலைக்கு இம்புட்டு ருசி இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. எனக்கு இருக்கிற சந்தேகமெல்லாம் வேற. மத்தியானச் சோத்தை நாலு நிமிசத்துல முழுங்கிட்டு ஓடுற பிள்ளைக்கு, ஒரு திராட்சைய அஞ்சு நிமிசம் திங்கச் சொல்லித் தந்தா, மிச்சச் சோத்தை யாரு திங்கிறது?

அப்புறம் மூச்சு. நிமிசத்துக்கு ஆறு மூச்சுன்னு மெதுவா விடணும். இழுக்கிறதைவிட விடுறது நீளமா இருக்கணும்ன. மூச்ச வெளிய விடுறப்ப நெஞ்சுத் துடிப்பு கொஞ்சம் மட்டுப்படுமாம். மூளையடியில இருந்து கெளம்பி, நெஞ்சு வழியா வயிறு வரைக்கும் எறங்குற ஒரு நரம்பு கடிவாளத்தை இழுத்துப் பிடிக்குதாம். பேரு வேகஸாம். லத்தீன்ல ‘அலையிறது’ன்னு அர்த்தம்ன. இருக்கட்டும். வேகத்தைக் குறைக்கிற நரம்புக்கு வேகஸ்னு பேரு வாய்ச்சிருக்கு பாரு, அந்தக் குசும்பு நம்ம ஊருக் குசும்பு.

அப்புறம் விரல்ல வெப்பமானிய ஒட்டிப் பாக்குறது. பயந்தா விரல்ல ஓடுற சின்ன ரத்தக்கொழாய் சுருங்கி, கை சில்லுனு ஆகும். மனசு எளகுனா கொழாய் விரியும், ரத்தம் ஓடும், விரல் சூடாகும். ஜெர்மனிக்காரர் ஜோஹன்னஸ் ஷூல்ட்ஸ், ‘என் கை கனமா இருக்கு, என் கை சூடா இருக்கு’ன்னு தனக்குத்தானே சொல்லிச் சொல்லி உடம்பை எளக வைக்கிற வித்தைய 1932லயே பொஸ்தகமாப் போட்டுட்டாராம். வட்டிக்காரர் வாசல்ல வந்து நின்னப்பல்லாம் எனக்குக் கை ஏன் சில்லிட்டுச்சுன்னு நாப்பது வருசம் கழிச்சுத்தான் வெளங்குது.

இதெல்லாம் எங்க காலத்துலயே இருந்துச்சுன்னு நான் மீசைய முறுக்க மாட்டேன். எங்க காலத்துல மூச்சும் இருந்துச்சு, கள்ளச் சாராயமும் இருந்துச்சு. கவலை வந்தப்ப நாங்க மூச்சுகிட்டயா போனோம்?

நீ சொன்னதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது வாசிங்டன் கதை. அங்க ஜார்ஜ்டவுன்னு ஒரு பல்கலைக்கழகம். மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்கு 2002ல இருந்து இந்தப் பாடம் நடக்குதாம். அவியாட் ஹரமாட்டின்னு உடலியங்கியல் சொல்லித் தர்ற வாத்தியாரு முன்ன நின்னு ஆரம்பிச்சதாம். பத்துப் பிள்ளைக, ரெண்டு வாத்தியாரு, வாரத்துக்கு ரெண்டு மணி நேரம், மொத்தம் பதினோரு வாரம். விருப்பப்பட்ட பிள்ளைகதான் சேரும்; விளக்கக் கடிதாசி எல்லாம் கெடையாது. வட்டமா உக்காருவாக. அந்த வட்டத்துல வாத்தியாரும் ஒரு ஆளு. பிள்ளைக மூச்சு விட்டா அவரும் விடணும். பிள்ளைக மனசத் தொறந்தா அவரும் தொறக்கணும். பேசப் பிரியமில்லைன்னா, அடுத்த ஆளுக்கு விட்டுட்டு சும்மா இருக்கலாம். அங்க பேசினது அந்த அறைக் கதவைத் தாண்டக் கூடாது.

இந்த வட்டத்துக்கு முன்னோடி ஜேம்ஸ் கார்டன்னு ஒரு மனநல டாக்டராம். அவரோட வட்டத்துல கலர்க் குச்சியக் குடுத்து மூணு படம் வரையச் சொல்லுவாகளாம். இப்ப நீ எப்படி இருக்க, உன் பெரிய பிரச்சினையோட எப்படி இருக்க, பிரச்சினை தீந்தா எப்படி இருப்ப. உங்க பெரிய டாக்டர் சீஃபு சம்மணம் போட்டு உக்காந்து, நாக்கை ஓரமாக் கடிச்சுக்கிட்டு, பச்சைக் கலர்ல படம் வரையிறதை நெனைச்சுப் பாத்தேன். சிரிப்பு தாங்கல. ரவுண்ட்ஸ்ல நீங்கல்லாம் அவரைச் சுத்தி நிக்கிறீக. வட்டத்துல உக்காந்தா அவரைச் சுத்தி நிக்க ஆளு கெடையாது. ரெண்டாம் படத்துல அவரு உன்னை வரைவாரு, நீ அவரை வரைவ. ரெண்டு பேரும் படத்தை மாத்திப் பாத்துக்கிட்டா பாதிச் சீக்கு போயிரும்.

உங்க நோட்டீசை எதுத்த வீட்டு வாத்தியாரை ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். பெரிய டாக்டர்மாரும் வட்டத்துல உக்காருவாகன்னு எங்கயும் போடல. நிம்மதி எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் போல. பெரியாளுகளுக்கு அது எப்பவோ தடுப்பூசி போட்டாச்சு.

இப்ப மாட்டுக்கு வர்றேன். மாட்டுக்கு வராம நான் எந்தப் பேச்சை முடிச்சிருக்கேன்?

நம்ம தோட்டத்துக் கெணத்துல கமலை ஓடினது உனக்குத் தெரியாது. உங்கப்பனுக்கே மங்கலாத்தான் ஞாபகம் இருக்கும். சால் நெறையத் தண்ணி. மாடு சரிவுல எறங்கி இழுக்கணும். இழுத்து ஊத்திட்டு அப்படியே பின்னங்கால் வச்சு மேல ஏறணும். காலம்பற இருந்து இதே வேலை. மாட்டுக்கு வாயில நுரை தள்ளி, நாக்கு தொங்கி, வயிறு ஏறி எறங்குச்சுன்னா, ‘ஏ செவலை, மூச்ச ஆறு எண்ணி விடு’ன்னா சொன்னோம்? வடத்தைக் கழட்டுவோம். மாத்து மாடு கட்டுவோம். மாத்து மாடு இல்லாத சம்சாரி எறைப்பை நிறுத்திருவான். மொளகாச் செடி ஒரு நாளு வாடும், வாடட்டும். மாடு விழுந்துட்டா செடியும் போச்சு, சம்சாரியும் போனான்.

உங்க ஆசுபத்திரியில மாத்து மாடு எங்க தாயி? நுகத்தடியக் கழுத்துல வச்சுக்கிட்டே, ‘தோளைத் தளர்த்துங்கள், தாடையைத் தளர்த்துங்கள்’னு பாடம் எடுத்தா, மாடு சிரிக்காதா?

இந்த இழுவைய ஆரம்பிச்சு வச்ச கதையும் நீ சொன்னதுதான். பால்டிமோர்ல 1889ல தொறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆசுபத்திரி. அங்க வில்லியம் ஹால்ஸ்டெட்னு பெரிய அறுவைச் சிகிச்சை டாக்டர். பயிற்சி டாக்டர்மாரு ஆசுபத்திரிலயே குடியிருந்து ராப்பகலாப் பாக்கணும்னு வச்சாராம். குடியிருந்ததாலதான் ரெசிடென்ட்டுன்னு பேரு. மனுசன் கெட்டிக்காரர், அதுல சந்தேகமில்ல. ஆனா மரத்துப்போற மருந்தா ஆகுமான்னு கொகெய்னைத் தன் உடம்புலயே சோதிச்சுப் பாத்து, அந்தப் பழக்கத்துல மாட்டிக்கிட்டாராம். கொகெய்ன் போட்டவரு வகுத்த வேலைய, கேண்டீன் காபியக் குடிச்சுட்டு என் பேத்தி இழுக்கணும்னா எப்படி?

நியூயார்க்குல 1984ல 18 வயசுப் பொண்ணு ஒண்ணு, ஆசுபத்திரியில சேத்த சில மணி நேரத்துலயே இறந்துபோச்சு. தகப்பனாரு பத்திரிகைக்காரர், விடல. தூக்கமில்லாத பயிற்சி டாக்டருக கையில பிள்ளைய விட்டுட்டாகன்னு ஊரைக் கூட்டினாரு. 1989ல அந்த மாநிலத்துல வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல கூடாதுன்னு விதி வந்துச்சு. நாடு முழுக்க வர 2003 ஆச்சு. ஒரு விதி ஊரைச் சுத்தி வர பதினாலு வருசம்.

நம்ம ஆளுக மட்டும் சளைச்சவுகளா? தொடர்ந்து பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல சாதாரணமா வேலை வாங்கக் கூடாதுன்னு மத்திய அரசு 1992லயே எழுதி வச்சிருச்சு. அந்த ‘சாதாரணமா’ங்கிற ஓட்டை வழியா ஒரு யானையே போகும். 2024ல தேசிய மருத்துவ ஆணையம் போட்ட குழு, வாரத்துக்கு 74 மணி நேரம், ஒரு நாளு லீவு, தெனம் ஏழெட்டு மணி நேரத் தூக்கம்னு சிபாரிசு செஞ்சுச்சு. திண்ணையில கரித்துண்டை வச்சுக் கணக்குப் போட்டேன். வாரத்துக்கு 168 மணி நேரம். வேலை 74 போனா 94. தூக்கம் 56 போனா 38. அதுக்குள்ள குளிக்க, திங்க, படிக்க, கெழவனுக்குப் போன் போட. கணக்கு நல்லாத்தான் வருது. நீ ஒரே இழுவையில 36ஐ முடிச்சிட்ட, வாரக் கணக்குல பாதி அதுலயே போச்சு. மிச்ச நாளெல்லாம் சும்மாவா இருக்கப் போற?

சின்னப் பிள்ளைகளையும் விடல. எம்.பி.பி.எஸ். படிக்கிறதுகளுக்கு ஜூன் 12ல இருந்து 21 வரைக்கும் பத்து நாளு யோகான்னு 2022ல சொன்னாகல்ல? நல்லதுதான். பத்து நாளு மூச்சு, மிச்ச 355 நாளு பெருமூச்சு.

இனி சொல்லப் போறதை நீ நல்லாத் தூங்குறியான்னு பாத்துக்கிட்டுத்தான் சொல்லணும்.

மூணு வருசத்துக்கு முன்ன உங்க அப்பத்தாவுக்கு மூச்சுத் திணறல் வந்து, பெரியாசுபத்திரியில ஒம்போது நாளு கெடந்தோம். நாலாம் நாளு ராத்திரி ரெண்டரை மணிக்கு, குளுக்கோஸ் ஏத்தின கை வீங்கிப்போச்சு. டாக்டரைத் தேடி ஓடினேன். மூலையில மேசைமேல தலைய வச்சு ஒரு பையன் தூங்குறான். உன் வயசுதான் இருக்கும். மேசைய ஓங்கித் தட்டினேன். ‘அரசாங்கச் சம்பளம் வாங்கிட்டுத் தூங்குறியாடா’ன்னு வார்டே எந்திரிக்கிற மாதிரிக் கத்தினேன். நாலு பேரு எனக்கு ஒத்து ஊதினாக.

பையன் வெடுக்குனு எந்திரிச்சான். கன்னத்துல கேஸ் ஷீட்டு கிளிப்போட அச்சு. மூஞ்சியக் கழுவிட்டு வந்து, ‘மன்னிச்சிருங்கய்யா’ன்னான். பழைய ஊசிய எடுத்துட்டு மறு கையில நரம்பு தேடினான். உங்க அப்பத்தா நரம்பு கண்ணாமூச்சி ஆடுற நரம்பு. மூணாவது குத்துலதான் அகப்பட்டுச்சு. அவன் கை நடுங்குச்சு. ‘தொழில் தெரியாத பய’ன்னு பக்கத்துக் கட்டிலுக்காரர்கிட்டச் சொன்னேன். அந்த விரல்ல ஒரு வெப்பமானிய ஒட்டியிருந்தா, நான் கத்தின கத்து எத்தனை டிகிரின்னு தெரிஞ்சிருக்கும்.

காலைல டீ வாங்கப் போனேன். மாடிப்படியில செவுத்தோரம் அதே பையன் உக்காந்தபடி தூங்குறான். கையில டீ கிளாசு, ஆடை கட்டிப்போயி. அவனத் தேடி ரெண்டு பேரு படியேறிட்டிருந்தாக.

உங்க சீஃபை மட்டும் பேசி என்ன செய்ய? உன் நுகத்தடியில ஒரு கல்லு நான் கட்டிவிட்டது.

அதனால தாயி, புதன்கிழமை வகுப்புக்குப் போ. தாத்தன் கேலி பண்ணினான்னு போகாம இருந்துறாத. ஒண்ணை மட்டும் பிரிச்சுப் பாத்துக்க. 36 மணி நேரம் நின்னதால வர்ற சோர்வுக்கு மருந்து மூச்சு இல்ல, மாத்து மாடு. அதை வாய் தொறந்து கேக்கணும். ஒத்தையாக் கேட்டா திமிருன்னுவாக, கூடிக் கேட்டா கோரிக்கைன்னுவாக. ஆனா எத்தனை மாத்து மாடு வந்தாலும் சாவு வார்டை விட்டுப் போயிராது. ராத்திரி பிள்ளையத் தூக்கிட்டு வந்த தாய்கிட்டப் போயி, பிள்ளை இல்லன்னு சொல்லணும்ல? அங்க மணிக்கணக்கு ஒதவாது. அங்க ஒதவுறது அந்த நீள மூச்சும், உன்னோட வட்டத்துல உக்காந்த நாலு பேரும்தான். வேலைச் சுமைக்கு மாத்து மாடு, துக்கச் சுமைக்கு மூச்சு. ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணைக் குடுத்தா வாங்காத.

மூச்சுக்குத் தனியா நேரம் எங்கன்னு கேப்ப. சோப்புப் போட்டுக் கை கழுவ 40ல இருந்து 60 விநாடி ஆகணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுதுன்னு நீதான எனக்குப் பாடம் எடுத்த? நிமிசத்துக்கு ஆறு மூச்சுன்னா அதுக்குள்ள நாலு, அஞ்சு, ஆறு மூச்சு வந்துருமே. ஒவ்வொரு கட்டிலுக்கு எடையிலயும் கையும் சுத்தம், நெஞ்சும் சுத்தம். இதுக்கு எந்தச் சீஃபும் விளக்கம் கேக்க முடியாது.

வட்டத்துல சொல்ல முடியாத இருட்டு மனசுல வந்தா, 14416ங்கிற மனநல உதவி எண்ணுக்குப் போன் போடு. எந்நேரமும் எடுப்பாகளாம். நம்ம தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகள்ல ‘மனம்’னு நல்லாதரவு மன்றமும் 2022ல ஆரம்பிச்சிருக்காக. போறதுக்கு வெக்கப்படாத. ஊரு சளிக்கெல்லாம் மருந்து குடுக்கிற ஆளுக்குச் சளி பிடிக்கக் கூடாதுன்னு சட்டமா? அதுவும் வேண்டாம்னா எனக்குப் போடு. கெழவனுக்கு ராத்திரின்னு ஒண்ணு கெடையாது.

கடைசியா ஒண்ணு. மாமியா ஒடைச்சா மண்சட்டி, மருமக ஒடைச்சா பொன்சட்டின்னு சும்மாவா சொன்னாக? இப்ப நீ ரெண்டாம் வருசம். உனக்குக் கீழ மொத வருசப் பிள்ளைக வந்துருச்சு. போன மாசம் போன்ல ஒரு பிள்ளைய நீ வெரட்டினது என் காதுலயும் விழுந்துச்சு தாயி. உனக்கு மாமியா குரல் வந்துக்கிட்டு இருக்கு. பாத்துக்க.

ஏ, என்ன அசையுற? போன் சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சா? அதெல்லாம் ஒண்ணுமில்ல. காலைல இருந்து பதினேழு தடவை துடிச்சுச்சு. எல்லாம் அந்த நல்வாழ்வு வகுப்புக் குரூப்புல இருந்துதான்னு வாத்தியார் பாத்துச் சொன்னாரு. வர்றவுக பேரை உடனே, உடனே, உடனே அனுப்பணுமாம். அதான் போனைத் துணியில சுத்திக் குலுக்கைக்குள்ள கம்புக்கு நடுவுல வச்சிருக்கேன். அதுவும் தூங்கட்டும். இன்னைக்கு உனக்கு லீவு. சாயங்காலம் பஸ்ஸுக்கு முன்ன எடுத்துத் தாரேன்.

அன்னைக்கு அந்தப் பையனைத் தட்டி எழுப்பினவன் நான். இன்னைக்கு இந்தக் கட்டிலுக்குக் காவலும் நான்தான். எவன் வந்து மேசையத் தட்டுறான்னு பாப்போம். நீ தூங்கு தாயி.